மேற்படி சண்டை

பூந்தமல்லி ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே சாய்மேஜை போட்டுக்கொண்டு பத்திரம் எழுதுகிறவன் நான். வீடு விற்கிறவன், வாங்குகிறவன், குடிக்கூலிக்கு விடுகிறவன், குடிவருகிறவன் என்று எல்லோரையும் இருபத்தாறு வருஷமாய் எதிரே உட்கார வைத்துப் பார்த்தாயிற்று. ஒருத்தனாவது உருப்படி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விற்கிறவன் கோடையில் கிணறு வற்றும் என்பதை மறைப்பான். வாங்குகிறவன் முத்திரைச் செலவுக்குப் பயந்து கிரயத்தைப் பாதியாய்ச் சொல்வான். அப்புறம் இரண்டு பேரும் ஒன்றாய்ச் சேர்ந்துகொண்டு, என் எழுத்துக்கூலி அநியாயம் என்று நியாயம் பேசுவார்கள்.

என் பெயர் இக்னேஷியஸ். ஆனால் ஊரில் ‘மேற்படியார்’ என்று கேட்டால்தான் தெரியும். பத்திரத்தில் ஒரு பொருளை ஒரு தடவை சொல்லிவிட்டால், அடுத்த தடவையிலிருந்து அதன் தலையில் ஒரு மேற்படியைப் போடாமல் என் பேனா நகராது. மேற்படி வீடு, மேற்படி கிணறு, மேற்படி கிணற்றடி முருங்கை. பக்கத்து மேஜைக்காரன் ஒரு நாள், “மேற்படி சம்சாரம் சௌக்கியமா?” என்று கேட்டுச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. மேற்படி இல்லாத பத்திரம் உப்பில்லாத குழம்பு என்று திமிராய் இருந்த காலம் அது. அந்தத் திமிருக்கு வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

சென்னீர்குப்பத்தில் எத்திராஜ், கங்காதரன் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். அப்பன் விட்டுப்போன வீட்டைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். கிழக்குப் பாதி அண்ணனுக்கு, மேற்குப் பாதி தம்பிக்கு. தெருக் கதவிலிருந்து முற்றத்துக்குப் போகிற நடையை மட்டும் யாருக்கு என்று எழுதாமல் விட்டுவிட்டார்கள். அந்தப் பாகப் பத்திரத்தை எழுதிய மேதாவி நானில்லை. மூன்று முழ அகலம்கூட இல்லாத அந்த நடைக்காக முன்சீப் கோர்ட்டில் வியாஜ்யம். வக்கீலுக்குக் கொட்டின பணத்தில் ஒரு தெருவையே கட்டியிருக்கலாம். அம்மா செத்தபோது, பிணத்தை இந்த நடை வழியே கொண்டுபோனால் நடை யாருடையது என்று ஆகும் என்று கேட்டு, பிணத்தை முற்றத்தில் போட்டுவிட்டு மத்தியானம் வரைக்கும் சண்டை போட்ட புண்ணியவான்கள் இவர்கள். கடைசியில் எத்திராஜ் வெறுத்துப்போய்த் தன் பாதியைப் பூட்டிவிட்டு, வயலோரம் வேறு வீடு கட்டிக்கொண்டு போனான்.

நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரையில் பட்டணம் காலியாயிற்று. ஜப்பான்காரன் கடற்கரையில் இறங்கப் போகிறான் என்று ஜனங்கள் பெட்டி படுக்கையோடு ஓடி வந்தார்கள். பூந்தமல்லி ரோடு முழுக்க வண்டியும் மாடும்தான். நம் ஊர்க்காரர்களுக்கு வந்ததே யோகம். மாட்டுக்கொட்டகையைக் கழுவிவிட்டு அதற்கும் குடிக்கூலி கேட்டார்கள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையாய், பிள்ளை குட்டியோடு எங்கே போவீர்கள் என்று உருகிக்கொண்டே மூன்று மாசக் கூலியை முன்பணமாய் வாங்கிக்கொண்டார்கள்.

அப்படி ஓடி வந்தவள்தான் ஜெயசீலி. ராயபுரத்துக்காரி, பிரசவம் பார்க்கிற நர்சு. வயது முப்பதைத் தாண்டியிருக்கும், பிள்ளை இல்லை. புருஷன் கிறிஸ்துதாஸ் சிங்கப்பூர் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்குப் போய் இரண்டு வருஷம். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து அவனிடமிருந்து கடுதாசி கிடையாது. ராயபுரத்து வீட்டுக்காரன் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிவிட்டதால் இவள் தனியாய் இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

எத்திராஜ் இவளைப் பிடித்துக்கொண்டான். இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கங்காதரன் யாரோ சாமியாரிடம் மந்திரம் வாங்கிக்கொண்டு, மீன் நாற்றம் பட்டால் தலைமுழுகுகிறவன். நடையில் கருவாடு மணக்க வேண்டும், கிறிஸ்தவ வேதக்காரி ஒருத்தி அதில் வரவும் போகவும் இருக்க வேண்டும், தம்பிக்கு வயிறு எரிய வேண்டும் என்பதுதான் எத்திராஜுக்கு வேண்டியது. பட்டணத்துக் குடும்பங்கள் மூன்று மடங்கு கொடுக்கிறோம் என்று கெஞ்சியும், பதினைந்து ரூபாய்க்கு இவளுக்கு விட்டான். தன் மூக்கு அறுபட்டாலும் எதிரிக்குச் சகுனப் பிழை ஆக வேண்டும் என்ற பழமொழியை உண்டாக்கினவன் இவனுடைய பாட்டனாய்த்தான் இருக்க வேண்டும்.

வாடகைச் சீட்டு எழுத இரண்டு பேரும் என் மேஜைக்கு வந்தார்கள். எத்திராஜுக்கு வீட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தம்பி நடை விஷயமாய்ச் செய்கிற அக்கிரமம் ரிக்கார்டில் ஏற வேண்டும் என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். நாலு வரி அதற்கே போயிற்று. ஜெயசீலி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“சண்ட தீர்ற மட்டும் என்ன எழுப்பக் கூடாது, கூலி ஏத்தக் கூடாது. அத்த எழுதிக் குடுங்க, போதும்.”

எத்திராஜ் உடனே தலையாட்டினான். பத்து நாளில் ஜப்பான்காரன் வந்துவிடுவான், பதினோராம் நாள் சண்டை முடிந்துவிடும் என்பது அவன் கணக்கு. பேப்பர் படிக்கிறவர்கள் யுத்தம் என்பார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கும் சண்டைதான், தெருக்குழாயில் குடத்துக்கு அடித்துக்கொண்டாலும் சண்டைதான். அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். ரிஜிஸ்தர் ஆயிற்று. அவள் குடிவந்தாள்.

மூன்று வருஷம் ஓடிற்று. ஜப்பான்காரன் வரவில்லை. ஓடி வந்த பட்டணத்துக்காரர்கள் ஆறு மாசத்தில் திரும்பிப் போனார்கள். ஜெயசீலி சுற்றுப்பட்ட கிராமங்களுக்கெல்லாம் பிரசவம் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். அவள் நடந்த நடையைக் கங்காதரன் தினமும் கழுவினான். அவன் பெண்டாட்டி வரலட்சுமிக்கு வயிற்றில் பிள்ளை குறுக்கே திரும்பிக்கொண்டபோது ஓடிப் போய்ப் பார்த்தவளும் ஜெயசீலிதான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மறுநாள் கங்காதரன் இரண்டு குடம் தண்ணீர் கூட ஊற்றி நடையைக் கழுவினான்.

நாற்பத்தைந்தில் ஜப்பான் கையைத் தூக்கிவிட்டது. ஆவடியில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் எடுக்க வந்த ஒரு காண்டிராக்டர் பக்கத்தில் குடியிருக்க வீடு தேடினான். எத்திராஜின் பாதி வீட்டைப் பார்த்துவிட்டு மாசம் அறுபது ரூபாய் என்றான். எத்திராஜுக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது. நேரே போய் ஜெயசீலியின் வாசலில் நின்று, சண்டை முடிந்துவிட்டது, ஐப்பசி பிறந்தால் வீடு காலியாயிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டான்.

அவள் சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். வழக்காட வரவில்லை. சண்டை முடிந்துவிட்டது, போக வேண்டியதுதான், ஆனால் நாலு மாசம் தவணை வாங்கிக் கொடுக்க முடியுமா என்றுதான் கேட்டாள். சிங்கப்பூருக்குத் தபால் திறந்த அன்றைக்கே புருஷனுக்குக் கடுதாசி போட்டுவிட்டாளாம், சென்னீர்குப்பத்து விலாசத்தைக் கொடுத்து. தபாலாபீசில் சொல்லிவைக்கலாமே, வந்தால் நானே புது இடத்தைச் சொல்கிறேனே என்று எனக்குத் தெரிந்த யோசனையெல்லாம் சொன்னேன்.

“அவுரு சண்ட போட்டுகினு போனவரு அண்ணா,” என்றாள். “நான் பேசினதும் கொஞ்சமில்ல. வந்து கதவத் தட்டறப்ப வேற யாராச்சும் தொறந்தா, நான் வோணான்னுதான் பூட்டேன்னு நெனச்சுக்குவாரு. ஒரு வார்த்த கேக்க மாட்டாரு. அப்டியே திரும்பிப் பூடுவாரு.”

இந்த மாதிரி ரோஷக்காரப் புருஷன்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. கடல் தாண்டிப் போய் ஐந்து வருஷம் இருந்துவிட்டு வருகிற தடியனுக்கு, வாயைத் திறந்து ‘என் பெண்டாட்டி எங்கே’ என்று கேட்க வராதாம். அவளிடம் அதைச் சொல்லவில்லை. அவள் கண்ணைப் பார்க்கச் சங்கடமாய் இருந்தது. பார்வையை மாற்றிக்கொள்வதற்காகத்தான் அந்தச் சீட்டை வாங்கிப் படித்தேன்.

எழுதியிருந்தது இதுதான்: ‘எனக்கும் என் தம்பி கங்காதரனுக்கும் மேற்படி வீட்டின் நடை விஷயமாய்ச் சண்டை நடந்து வருகிறபடியால், என் பாகமான கிழக்குப் பாதியை உமக்குக் குடிக்கூலிக்கு விட்டிருக்கிறேன். மேற்படி சண்டை தீருமட்டும் உம்மைக் காலி செய்யச் சொல்லவும், குடிக்கூலி உயர்த்தவும் எனக்குப் பாத்தியமில்லை.’

சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். அதில் ஜப்பான் இல்லை, ஜெர்மனி இல்லை, யுத்தம் என்ற பேச்சே இல்லை. இருந்தது ஒரே ஒரு சண்டை, அண்ணன் தம்பிச் சண்டை. அதைக் காட்டி என் கை வழக்கப்படி ஒரு மேற்படியை வைத்திருந்தது. உலகத்தில் எத்தனை பட்டாளம் துப்பாக்கியைக் கீழே போட்டாலும், இந்த இரண்டு மடையர்கள் நடையைப் பங்கிட்டுக்கொள்ளாத வரைக்கும் இவளை எழுப்ப முடியாது. இருபத்தாறு வருஷத்தில் இவ்வளவு பெரிய பிழையை நான் எழுதினதில்லை. இவ்வளவு நல்ல பிழையையும் எழுதினதில்லை.

விஷயத்தை அவளுக்கு விளங்கச் சொன்னேன். சீட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டு, யார் கேட்டாலும் கையில் கொடுக்காதே என்றேன். பிழை யாருடையது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எத்திராஜ் தன்னிடமிருந்த நகலை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் ஓடினான். வக்கீல் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு கோர்ட்டு வராந்தா முழுக்கக் கேட்டதாம். ஹிட்லர் செத்தால் உனக்கென்ன, உன் தம்பி உயிரோடிருக்கிறானே என்றாராம். எத்திராஜ் முகம் சிவந்து நேரே என் மேஜைக்கு வந்தான்.

“கோர்ட்டுல வந்து சொல்லு ரைட்டரு. மேற்படின்றது கைப்பிசகா உழுந்துடுச்சின்னு சொல்லு.”

என் கையிலிருந்து ஒரு மேற்படிகூடக் கைப்பிசகாய் விழுந்ததில்லை என்றேன். பொய்தான். ஆனால் முன்சீப்புக்கு முன்னால் நின்று, நான் பாதி வார்த்தைகளைத் தூக்கத்தில் எழுதுகிறேன் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. எழுத்து இருக்கும்போது வாய்ச்சொல் ஏறாது என்று வக்கீலும் சொல்லிவிட்டாராம். அப்படியும் கொஞ்ச நேரம் என் எழுத்தையும் என் குலத்தையும் சேர்த்து வைதுவிட்டுப் போனான்.

அப்புறம் ஒரு வாரத்தில் அவனுக்குப் புத்தி வந்தது. சண்டை தீருமட்டும்தானே அவள் இருக்கலாம்? சண்டையைத் தீர்த்துவிட்டால் போயிற்று. ஒரு தட்டில் பழமும் பூவும் வைத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனான். பணம் என்றால் பிணமும் வாயைத் திறக்கும். கங்காதரன் கதவைத் திறந்தான். காண்டிராக்டர் கொடுக்கிற அறுபதில் தம்பிக்கு இருபது, வியாஜ்யம் வாபஸ், நடை இரண்டு பேருக்கும் பொது என்று பேச்சு முடிந்தது. பெற்றவள் பிணத்துக்கு முன்னால் ஆறாத ஆத்திரம் இப்படி ஆறிற்று.

ஊர் ஜனம் உருகிவிட்டது. தண்ணீரை அடித்தால் தண்ணீர் விலகுமா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். விருந்துச் சாப்பாடு நடந்தது. அதே நாளில் ஜெயசீலி பாத்திரங்களைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்துவிட்டு வரலட்சுமியிடம் போய், எனக்கு ஒரு இடம் கிடைத்ததும் சொல்லியனுப்புகிறேன், என்னைத் தேடி ஒரு மனிதர் வந்தால் அதை அவரிடம் சொன்னால் போதும் என்று கேட்டாளாம். வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொன்னாளாம் அந்த மகராசி. அவள் மடியில், ஜெயசீலி வெளியே எடுத்த பிள்ளை உட்கார்ந்திருந்தது. இதை எனக்குச் சொன்ன சென்னீர்குப்பத்துக்காரன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை, சமாதானமானதை ராஜிப் பத்திரமாய் எழுதிக்கொள்ள அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். எத்திராஜ் வெற்றிலை மடித்துக் கொடுக்க, கங்காதரன் வாங்கிப் போட்டுக்கொண்டான். என்னை வைததெல்லாம் எத்திராஜுக்கு மறந்துபோயிருந்தது. பூந்தமல்லியில் என்னைப் போல் எழுதுகிறவன் இல்லை என்றான். முத்திரைத் தாளை வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டேன். நடை பொது, வியாஜ்யம் வாபஸ், இன்று முதல் இருவருக்கும் எந்தச் சண்டையும் இல்லை என்று அவர்கள் சொல்லச் சொல்லக் காகிதத்தில் குறித்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டால் அவள் தெருவில். பேனாவை மையில் தோய்த்தேன், எழுதவில்லை.

ராஜிப் பத்திரத்தில் சண்டை ஏன் வந்தது என்று எழுத வேண்டிய அவசியம் இல்லை. எந்தச் சட்டத்திலும் அப்படிச் சொல்லவில்லை. இருந்தாலும் முகத்தை மாற்றாமல் கேட்டேன்.

“எல்லாம் சரி. சண்ட இன்னா காரணத்தால வந்துச்சின்னு மேல ஒரு வரி போடணும். இன்னான்னு போட?”

“தம்பி நடக்கதவுல பூட்டு போட்டதாலன்னு போடு,” என்றான் எத்திராஜ், வெற்றிலையை மென்றுகொண்டே.

கங்காதரன் மெல்லுவதை நிறுத்தினான். “பூட்டு சும்மா போட்டனா? நான் ஊர்ல இல்லாதப்ப நீ கதவப் பேத்தியே, அதால வந்துச்சின்னு போடச் சொல்லு.”

இரண்டு பேரும் ஒரே காரணத்தைச் சொன்னால்தான் எழுத முடியும், பேசி முடிவு செய்யுங்கள் என்று மட்டும் மரியாதையாய்ச் சொல்லிவிட்டுப் பேனாவைத் துடைத்தேன். கதவைப் பெயர்த்ததிலிருந்து பேச்சு கதவு வாங்கின பணத்துக்குப் போயிற்று. அங்கிருந்து அப்பன் யாரை அதிகம் படிக்க வைத்தான் என்பதற்குப் போயிற்று. யார் பெண்டாட்டி யாரைச் சாபமிட்டாள் என்று வந்தபோது சாயாக்கடையிலிருந்து ஜனம் எழுந்து வந்து சுற்றி நின்றுவிட்டது. கடைசியில் அம்மாவின் பிணத்தை மத்தியானம் வரைக்கும் போட்டுவைத்தது யார் என்ற இடத்துக்கு வந்தார்கள். அதற்குமேல் போக வழி ஏது? எத்திராஜ் என் மேஜையிலிருந்த முத்திரைத் தாளை எடுத்து நாலாய்க் கிழித்துத் தம்பியின் மூஞ்சியில் எறிந்தான். வந்த வண்டியில் யார் ஏறுவது என்று ஒரு சண்டை போட்டுவிட்டு, இரண்டு பேரும் நடந்தே போனார்கள், ஒருவன் ரோட்டு வழியாய், ஒருவன் வயல் வழியாய்.

காலியாய்த் திரும்புகிற அந்த வண்டிக்காரனிடம், நர்சம்மா கோணியை அவிழ்க்கலாம் என்று சொல்லியனுப்பினேன்.

காண்டிராக்டர் கார்த்திகை முடிகிற வரைக்கும் பார்த்துவிட்டு ஆவடியிலேயே வேறு வீடு பிடித்துக்கொண்டான். நான் கேட்ட கேள்வி பத்திரத்துக்கு வேண்டியதில்லை என்று வக்கீல் சொல்லித்தான் எத்திராஜுக்குத் தெரிந்தது. அதிலிருந்து என்னைக் கண்டால் எச்சில் துப்பிவிட்டுப் போகிறான். அவனைப் போல எழுத்துக்கூலியில் பேரம் பேசுகிற ஒரு வாடிக்கைக்காரன் தொலைந்ததில் எனக்கு வருத்தமில்லை.

தை பிறந்து இருபது நாள் இருக்கும். மத்தியானம் பஸ்ஸிலிருந்து ஒருவன் தகரப் பெட்டியோடு இறங்கினான். சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேடும்படியாய் இளைத்திருந்தான். இந்த ஊரில் வழி கேட்கிறவன் எல்லாம் என் மேஜைக்குத்தான் வருவான்; வந்தான். சென்னீர்குப்பத்தில் எத்திராஜ் வீடு எது என்று கேட்டு ஒரு கடுதாசியை நீட்டினான். நாலாய் மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. கையெழுத்து எனக்குத் தெரிந்ததுதான். என் ரிஜிஸ்தர் சீட்டில் அவள் போட்ட அதே கோணல் கையெழுத்து.

எத்திராஜுக்கு இரண்டு வீடு உண்டு, நீ சண்டைக்கார வீடு எது என்று கேள், குழந்தைகூடக் காட்டும் என்றேன். அவன் போகவில்லை. பெட்டியைக் கீழே வைத்தான். கடுதாசியை மடித்தான், பிரித்தான். அவள் சொன்னது சரிதான், இந்த ஜன்மத்துக்கு வாயைத் திறந்து கேட்க வராது. நான் கணக்கு எழுதுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் கேட்டான்.

“அந்த ஊட்ல... இப்ப யாருங்க கீறாங்க?”

“போய்த் தட்டுய்யா,” என்றேன். “வேற யாரும் தொறக்க மாட்டாங்க.”

பெட்டியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் ஓடினான், மடையன். பொழுது சாய்கிற வரைக்கும் அதை நான்தான் காவல் காத்தேன்.